வலது பக்கம், இரண்டாவது பெஞ்ச்

பெறுநர் என்று எழுதிவிட்டுப்
பேனாவை நிறுத்தினேன்.
இது நான்காவது கடிதம்.
முதல் மூன்றையும் பெற்றவர்
மாற்றலாகிப் போய்விட்டார்.
கடிதங்களையும் கையோடு
கூட்டிக்கொண்டு போனாரோ என்னவோ.

பொருள்: பெனிட்டா,
ஆறாம் வகுப்பு, பி பிரிவு.
பொருள் என்கிற இடத்தில்
மகள் பெயரை எழுதலாமா, தெரியவில்லை.
எழுதிவிட்டேன்.

மேடம்,
மெஷின் போட்டால் இடது காதில் கொஞ்சம் கேட்கும்.
வலது காது பிறந்ததிலிருந்தே
இறக்கிவிட்ட ஷட்டர்.
அவளை உட்கார வைத்திருப்பது இடது ஜன்னலோரம்.
ஜன்னலுக்கு வெளியே திருவொற்றியூர் நெடுஞ்சாலை.
ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி நிற்கின்றன.
இருக்கிற ஒரே காதுக்கு
நாள் முழுக்க ஏர் ஹார்ன்தான் வகுப்பெடுக்கிறது.

மெஷின் சத்தத்தைப் பெரிசாக்கும், அவ்வளவுதான்.
எது பாடம் எது லாரி என்று
பிரித்துத் தராது.

நான் கேட்பது அதிகமில்லை.
வலது பக்கம், இரண்டாவது பெஞ்ச்.
டீச்சர்கள் பலகையிடம் பேச வேண்டாம்.
எழுதட்டும், திரும்பட்டும், பிறகு சொல்லட்டும்.
டிக்டேஷன் போடும்போது
நோட்டால் வாயை மறைக்க வேண்டாம்.
பாதியைக் காதாலும்
மீதியை உதட்டிலும் படிக்கிற பிள்ளை.
படி என்றாலும் மடி என்றாலும்
உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது.
எதைச் சொன்னார்கள் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள்
வகுப்பு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது.
அதற்குத்தான் ரிப்போர்ட் கார்டில்
சிவப்பு மையில்
'கவனம் போதாது'.

வாட்ச்மேன் கேட்டைப் பாதி திறந்தார்.
'இன்னாம்மா, மறுபடியும் வந்துட்டியா?'

புது எச்.எம். கடிதத்தை முழுசாகப் படித்தார்.
அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது,
வெட்கமாகவும் இருந்தது.
'அம்பத்தெட்டு பிள்ளைங்கம்மா,
ஒருத்திக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா?
ஸ்பெஷல் ஸ்கூல்ல கேட்டுப் பாருங்களேன்.'

எம்.சி. ரோட்டில் புடவைக் கடையில்
எட்டு வருஷமாக நிற்கிறேன் மேடம்.
முதுகைக் காட்டிக்கொண்டு விலை சொன்னால்
அன்றைக்கே சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இருநூறு ரூபாய் பூனம் புடவைக்கே
முகம் பார்த்துப் பேசச் சொல்கிறார் முதலாளி.

சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகுதான் கை நடுங்கியது.

எதிர் பிளாக் ஹமீதாக்கா
மகனின் உதவித்தொகைக்கு
ஒன்பது தடவை நடந்தவள்.
'நகல் எடு. நகல்ல கையெழுத்து வாங்கு.
தேதி இல்லாத காயிதம்
பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும்' என்றிருந்தாள்.
நகலை நீட்டினேன்.

'கையெழுத்தெல்லாம் எதுக்கும்மா,
எங்க மேல நம்பிக்கை இல்லையா?'
'நம்பிக்கை இருக்கு மேடம்.
தேதிதான் இல்ல.'

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன்.
அரை நாள் பர்மிஷன்
என் கண் முன்னாலேயே முழு நாளானது.
சத்துணவு சாம்பார் வாசனை வந்து, போனது.
மூன்றே காலுக்கு சீல் விழுந்தது,
தலைகீழாக, மை மங்கலாக.
தேதி மட்டும் தெளிவு.

ராத்திரி மெஷினைக் கழற்றி
டப்பாவில் வைக்கிறேன்.
உப்புக்காற்று தின்னாமலிருக்க
செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய பொட்டலங்கள் உள்ளே,
சாப்பிடக் கூடாது என்று அச்சடித்தவை.
மூடியின் மேல் அந்த நகல், மடித்து.

வெள்ளிக்கிழமை
பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:
கணக்கு டீச்சர் குமுதவல்லி
பாதிக் கணக்கைப் பலகைக்கே சொல்லிவிட்டு
சட்டென்று நின்றார்களாம்.
திரும்பி, 'அய்யோ' என்றார்களாம்.
எப்படி என்று கேட்டேன்.
சத்தமே இல்லாமல்
உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினாள்.

எனக்குப் புரிந்தது.

பெஞ்ச் இன்னும் மாறவில்லை.